இன்னும் படிக்கிறாவோ?

கடந்த வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் பழைய நண்பர் ஒருவர் எம்மை மறித்து, "மாஸ்ரர், உங்கட மகள் இன்னும் படிக்கிறாவோ?" என வினவினார். கலாநிதிப் பட்டம் பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன, இப்போது ஆய்வுகூடத்தில் இருக்கிறாள் என்றோம். "அப்ப அங்க என்ன வேலை?" என்றார். யாழ்ப்பாணத்தில் வரலாறும் தமிழும் கற்பித்த நாம் விடையின்றி நின்றோம்.

அன்றிரவே மகளைத் தொலைபேசியில் அழைத்தோம். "புரதத்தில இருக்கிற வெல்லத்தை நிறுக்கிறன் அப்பா" என்றாள். எமது நீரிழிவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யும் சோதனைதானே என்று கேட்டுப் பிழை விட்டோம். அச்சோதனை காட்டுவது, குருதியில் மிகுந்த குளுக்கோசு ஈமோகுளோபினில் தானாகவே ஒட்டிக்கொண்டதை. மகள் ஆராய்வதோ, கலமே நொதியங்களைக் கொண்டு கிளை கிளையாகக் கட்டிவிடும் வெல்லங்களை. ஒன்று சேலையிற் பட்ட கறை. மற்றையது தறியிலே நெய்த கரை. இவ்வாறு சொல்லிப் பார்த்தோம். சிரித்தாளே தவிர மறுக்கவில்லை.

அவள் எடுத்துக்கொண்டது, குருதியில் இரும்பைச் சுமக்கும் திரான்சுபெரின் என்னும் புரதம். வழமையாக அதில் இரண்டு வெல்லக் கிளைகள் இருக்கும். பரம்பரைக் குறைபாடுள்ள சில குழந்தைகளில் ஒரு கிளையோ இரண்டுமோ இல்லாமற் போகின்றன. 1980 இல் பெல்ஜியத்துக் குழந்தை மருத்துவர் யாக் யாக்கன் இரட்டைச் சகோதரிகளிடம் முதன்முதலில் கண்டு விபரித்த இந்நோய்க் குடும்பத்தில், இன்று 150 இற்கு மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன. பிள்ளைக்கு நடை பிந்தும், பேச்சுப் பிந்தும். காரணம் அறியாத பெற்றோர் வைத்தியசாலை வைத்தியசாலையாக அலைவர்.

திணிவு நிறமாலைமானி என்னும் கருவி, புரதக் கரைசலை நுண்துளிகளாகத் தூவி, மின்னேற்றிப் பறக்கவிட்டு நிறுக்கிறது. பாரிய மூலக்கூறுகளையும் சிதையாமல் நிறுக்க வழி கண்ட ஜோன் பென், கொய்ச்சி தனாக்கா இருவரும் 2002 இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். ஐதரசன் அணுவை ஓர் அலகாகக் கொண்டால், முழுமையான திரான்சுபெரின் ஏறத்தாழ 79,500 அலகு. ஒரு கிளை இல்லையெனில் ஏறத்தாழ 2,200 குறையும். அந்தக் குறைவைக் கண்டால், பிள்ளையின் நோய்க்குப் பெயர் தேடும் வழி திறக்கும். இவற்றுள் ஒரு வகைக்கு மனோசு என்னும் வெல்லத்தையே மருந்தாக வாயாற் கொடுக்கிறார்களாம்.

இவளது நியமனமோ இரண்டு வருடத்துக்கு மட்டும். ஒருமுறை நீடித்தார்கள், ஆவணியில் அதுவும் முடிகிறது. 1995 இல் இடம்பெயர்ந்து, பின்னர் இந்நாட்டை வந்தடைந்து, வதிவிட அனுமதி நீடிப்புக்காகக் கடிதப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்த ஆண்டுகளை நாம் மறந்துவிடவில்லை. நிரந்தரமான தொழிலைப் பார் என்று அவளை ஓயாது நச்சரித்ததும் அந்தப் பயத்தினாலேயே. மருத்துவம் படிக்கவில்லையே என்ற மனத்தாங்கலும் இருந்தது; ஒளிப்பானேன்?

நண்பருக்குச் சொல்ல இப்போது விடை ஆயத்தம். நீடிப்புக் கடிதம் வந்ததா என்று மட்டும் மகளிடம் நாம் கேட்பதில்லை. வந்தால் அவளாகவே சொல்வாள்.