வேர் வரும்வரை இலை

செடி வளர்ப்பு பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தவறணையிலிருந்து, அதாவது நாற்றுமேடையிலிருந்து, வந்தது. அம்மா அங்கே பல வருடம் வேலை செய்தார்.

விதையில் முளைக்கும் தேயிலை ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணம். தண்டிலிருந்து எடுக்கும் கன்றோ தாய்ச்செடியின் குணத்தை அப்படியே கொண்டிருக்கும். டீ.ஆர்.ஐ. 2025 போன்ற இனங்கள் இந்த வழியில்தான் மலைகளில் பரவின. கவ்வாத்து வெட்டிய பிறகு கொழுந்து பறிக்காமல் வளரவிட்ட தாய்ச்செடியில் கிளையை எடுப்பார்கள். இளந்தளிர் நுனியும் முற்றிச் சிவந்த அடியும் வேண்டாம், நடுப்பகுதி போதும். ஒரு துண்டுக்கு ஓர் இலை, அதன் இடுக்கில் ஒரு மொட்டு, கீழே சுமார் ஓர் அங்குலத் தண்டு. கூரான கத்தியால் சாய்வாக வெட்டியதும் தண்ணீர் வாளிக்குள் போட வேண்டும். பைக்குள் நடும்போது இலை மண்ணைத் தொடக் கூடாது, தொட்டால் அழுகும்.

“வேரு வர்ற வரைக்கும் எலயக் காயவிடக் கூடாது” என்பார் அம்மா. நான் கற்ற பாடம் அந்த ஒரு வரிதான். வேரில்லாத தண்டு மண்ணிலிருந்து அதிகம் உறிஞ்சாது. இலையோ ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மண்ணில் தண்ணீரைக் கொட்டினால் வெட்டுவாய் அழுகுவதுதான் மிச்சம். சுற்றியுள்ள காற்றை ஈரமாக வைக்க வேண்டும். தவறணையில் நிழலும் பொலித்தீன் மூடியும் அதற்காகத்தான். பசறை இருக்கும் ஊவாவில் இது இன்னும் முக்கியம். ஆடி, ஆவணியில் வீசும் காய்ந்த காற்றுதான் எங்கள் தேயிலைக்குப் பேர்பெற்ற வாசனையைக் கொடுக்கிறது. இளந்தண்டை உலர்த்திக் கொல்வதும் அதே காற்று.

நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் வெகுகாலம் நான் எதையும் நடவில்லை. நிலம் எங்களுடையதில்லை, எழும்பிப் போகச் சொன்னால் மரத்தைத் தூக்கிக்கொண்டா போவது என்ற பயம். தண்டிலிருந்து ஒரு செடியை மறுபடி உண்டாக்கலாம் என்பது மனதில் உறைத்த பிறகே அந்தப் பயம் குறைந்தது.

இப்போது ஐப்பசி மழை தொடங்கியதும் ரோஜாவும் செவ்வரத்தையும் நடுகிறேன். அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலே மூடி. நேர் வெயிலில் வைத்தால் உள்ளே வெந்துவிடும். தாழ்வார நிழல் நல்லது. கறிவேப்பிலைக்கு இந்த வழி எளிதில் கைகொடுப்பதில்லை. பழைய மரத்தடியில் வேரிலிருந்து கிளம்பும் கன்றைத்தான் பிரித்தெடுக்கிறேன்.

வேர் பிடித்தபின் மூடியைச் சில நாள் கொஞ்சங்கொஞ்சமாகத் திறந்து பழக்க வேண்டும். யாராவது தண்டு கேட்டால் போத்தலையும் சேர்த்தே கொடுத்து, வேர் வரும்வரை உரம் வேண்டாம், பிடுங்கிப் பார்க்கவும் வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்புகிறேன்.