மேலநீலிதநல்லூருக்கு ஒரு டிக்கெட்

"ஆடித் தபசு என்றால் எல்லாப் பத்திரிகைக்காரர்களும் சங்கரன்கோவிலுக்கு ஓடுகிறார்கள். நீர் தபசுக் கூட்டம் கலைந்த பிறகு போம். சங்கரன்கோவில்வரை போக வேண்டாம். அதற்கு முன்னாலேயே மேலநீலிதநல்லூர் என்று ஓர் ஊர் வரும். அங்கே இறங்கிப் பார்த்துவிட்டு வந்து எழுதும்" என்றார் ஆசிரியர்.

"அங்கே என்ன ஸார் விசேஷம்?"

"அதைத் தெரிந்துகொள்ளத்தானே உம்மை அனுப்புகிறேன்!"

ஆசிரியரோடு வாதாடி ஜயித்த நிருபர் உலகத்தில் கிடையாது. ஆகவே, ஒரு சாயங்கால வேளையில் திருநெல்வேலியில் சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். நீங்களும் என்னோடு ஏறிக்கொள்ளுங்கள். ஜன்னல் ஓரம் உங்களுக்கே.

மானூர் தாண்டியதும் பூமியின் நிறம் மாறத் தொடங்குகிறது. கரிசல் மண். மழை பெய்தால் காலை விடாது. வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மேற்கே தூரத்தில் நீலக் கோடு கிழித்தாற்போல் மலைத்தொடர். தேவர்குளம் வட்டாரத்துக்கு வந்துவிட்டால் காற்றாலைகளின் ராஜ்யம். மூன்று கைகளையும் விரித்துக்கொண்டு ராட்சதர்கள் மாதிரி நிற்கின்றன. தென்மேற்குப் பருவக் காற்று வந்துவிட்டால் அவற்றுக்கு ஓய்வு ஒழிச்சல் இல்லை.

இந்தக் காட்சிகளையெல்லாம் அனுபவித்துக்கொண்டு வந்திருப்பேன். ஆனால் பஸ்ஸின் பின் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ரெஃப்ரிக்குக் கண்ணு தெரியலைலே!"

"ரெஃப்ரி என்னலே செய்வான்? கையில குடுத்த வெற்றியைக் கீழ போட்டுட்டான்லா இவன்!"

திரும்பிப் பார்த்தேன். பன்னிரண்டு பதின்மூன்று கல்லூரிப் பிள்ளைகள். ஒவ்வொரு முகமும் பரீட்சையில் நம்பர் வராத முகம். ஒருவன் கையில் சுருட்டிய காகிதக் கொடி. இன்னொருவன் கழுத்தில் ஊதல்; ஊதுவாரில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

விசாரித்தேன். கல்லூரிகளுக்கிடையே கூடைப்பந்துப் போட்டி. இவர்கள் கல்லூரியின் டீம் 57 பாயிண்டு. எதிர் டீம் 58. எந்தக் கல்லூரி என்று மட்டும் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு பாயிண்டு! இருபது பாயிண்டில் தோற்றிருந்தால் பாதி ஆட்டத்திலேயே மனசைத் தேற்றிக்கொண்டு வடை தின்னப் போயிருப்பார்கள். ஒரு பாயிண்டுத் தோல்வி அப்படி விடுவதில்லை. ரயில் கண்ணெதிரே நகர்வதைப் பார்த்தபடி பிளாட்பாரத்தில் ஓடுகிறவனுடைய வேதனை அது.

கூடைப்பந்து தெரியாத வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. 1891-ஆம் வருஷம் டிசம்பரில், அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் கண்டுபிடித்த ஆட்டம் இது. பனிக் காலத்தில் பிள்ளைகள் கட்டடத்துக்குள்ளேயே ஆட ஏதாவது வேண்டும் என்று, பீச் பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் கட்டிப் பந்தை எறியச் சொன்னார். முதல் ஆட்டம் மொத்தத்துக்கும் விழுந்தது ஒரே ஒரு பந்து! அவர் பணியாற்றியது ஒய்.எம்.ஸி.ஏ. பயிற்சிப் பள்ளியில். அதே ஒய்.எம்.ஸி.ஏ. சார்பில் ஹாரி குரோ பக் என்பவர் 1920-ல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். அங்கே படித்துத் தேறிய ஆசிரியர்கள் பல ஊர்ப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். போன இடங்களில் விளையாட்டுகளும் வேர் பிடித்தன.

எதிரி விதி மீறி இடித்துவிட்டால் 'ஃப்ரீ த்ரோ' கொடுப்பார்கள். பலகையிலிருந்து சுமார் 15 அடி தூரத்தில் ஒரு கோடு. அதன் பின்னால் நின்று, 10 அடி உயரத்திலுள்ள வளையத்துக்குள் பந்தைப் போட வேண்டும். குறுக்கே வந்து தடுப்பவர் யாரும் இல்லை. வளையத்தின் அகலம் 45 சென்டிமீட்டர். பந்தின் அகலம் ஏறத்தாழ 24. உள்ளே விழுந்தால் ஒரு பாயிண்டு. 'பூ, இவ்வளவுதானா!' என்கிறீர்களா? எறிவதற்கு ஐந்தே விநாடிதான் அவகாசம். ஆட்டம் முடியப் போகிறது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இப்போது எறிந்து பாருங்கள்.

அன்றைக்கு நடந்ததும் அதுதான். நான்கு விநாடி பாக்கி இருக்கையில் இவர்கள் டீமுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. ஒன்று விழுந்தால் சமம். ஐந்து நிமிஷம் கூடுதல் ஆட்டம். இரண்டும் விழுந்தால் வெற்றி மாதிரிதான். முதல் பந்து வளையத்தின் விளிம்பில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, வெளியே விழுந்தது. எதிர் டீம்காரன் அதை அணைத்துக்கொண்டான். ஆட்டம் முடிந்தது.

ஒரு பிள்ளை அதைச் செல்போனில் படம் பிடித்திருந்தான். மானூரிலிருந்து ஏழு தடவை போட்டுப் பார்த்துவிட்டார்கள். ஏழு தடவையும் பந்து உள்ளே விழவில்லை.

"எறிந்தவர் யார்?" என்று கேட்டேன்.

பேச்சு சட்டென்று நின்றது. ஒருவன் கண்ணால் முன் பக்கம் காட்டினான்.

டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது ஸீட்டில், மடியில் பையை வைத்துக்கொண்டு, நெடிய பையன் ஒருவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பஸ்ஸில் பத்துப் பேர் நின்றுகொண்டு வந்தார்கள். அவன் பக்கத்து இடம் மட்டும் காலியாக இருந்தது.

நேயர்களே, மேலநீலிதநல்லூரைப் பற்றி எழுதப் புறப்பட்ட எனக்கு, அந்தக் காலி இடத்தைவிட்டுக் கண் நகர மறுத்தது.

* * *

"மேலநீலிதநல்லூர் இறங்கு!" என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். நான் இறங்கினேன். என்னோடு ரசிகப் பிள்ளைகள் நான்கு பேர் இறங்கினார்கள். கடைசியாக அந்த நெட்டைப் பையனும் இறங்கி, தன் கிராமத்துக்குப் போகும் மினி பஸ்ஸுக்காக எதிர்ச் சாரியில் போய் உட்கார்ந்தான்.

மேலநீலிதநல்லூர் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். சங்கரன்கோவில் தாலுகாவைச் சேர்ந்தது. 2019 நவம்பர் வரை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. தென்காசி தனி மாவட்டமானபோது அதனோடு போயிற்று. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரில் ஒரு கல்லூரியும் இங்கே உண்டு. சுற்றுவட்டாரத்துக் கரிசல் காட்டுக் குடும்பங்கள் பலவற்றில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளைகளுக்கு வழிவிட்ட ஊர் இது.

டீக்கடையில் உட்கார்ந்தோம். பெரியவர் டீ ஆற்றிக்கொண்டே பிள்ளைகளின் விவாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கிளாஸை என்னிடம் நீட்டிவிட்டுச் சிரித்தார்.

"ரசிகர் சண்டை இந்தச் சீமைக்குப் புதுசா ஸார்? சங்கரன்கோவில் கோயிலே அப்படி வந்ததுதானே!"

கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சங்கன் சிவபக்தன், பதுமன் திருமால் பக்தன். 'என் சுவாமிதான் உசத்தி' என்று இருவருக்கும் ஓயாத தர்க்கம். அம்பிகையிடம் போய் முறையிட்டார்கள். அவள் தவம் இருந்தாள். சிவனும் திருமாலும் பாதிப் பாதியாக ஒரே திருமேனியில் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தார்கள். கோமதி அம்மனின் அந்தத் தவத்தைத்தான் ஆடி மாதம் உத்திராட நட்சத்திரத்தில் ஆடித் தபசு என்று கொண்டாடுகிறார்கள்.

"பாத்தீங்களா? சண்டை போட்டது ரெண்டு ரசிகனுங்க. ஒத்தைக் கால்ல நின்னது அம்மா! எப்பவும் இப்படித்தான் ஸார். சத்தம் போடுதவன் ஒருத்தன், கால் கடுக்க நிக்கவன் ஒருத்தன்" என்றார் பெரியவர்.

எதிர்ச் சாரியைப் பார்த்தேன். பிள்ளைகளும் பார்த்தார்கள்.

* * *

பத்திரிகைக்காரனிடம் சும்மா இருக்கும் குணம் ஏது? நானும் இரண்டு கதைகள் சொன்னேன். இரண்டும் நடந்தவை.

முதல் கதை 1972, மியூனிக் ஒலிம்பிக். அமெரிக்கா அனுப்பியது பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகளைக் கொண்ட டீம். 1936-ல் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து சேர்ந்தது முதல் அமெரிக்கா ஓர் ஆட்டத்திலும் தோற்றதில்லை. இறுதி ஆட்டம் சோவியத் யூனியனோடு. மூன்று விநாடி பாக்கி இருக்கையில் டக் காலின்ஸ் என்ற பையன் இடிபட்டு விழுந்தான். எழுந்து வந்து இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டான். அமெரிக்கா 50, சோவியத் 49. அப்புறம் கடிகாரத்தில் குழப்பம். கடைசி விநாடிகளை மீண்டும் மீண்டும் ஆட வைத்தார்கள். மூன்றாம் தடவை அலெக்ஸாண்டர் பெலோவ் பந்தைப் போட்டுவிட்டார். சோவியத் 51, அமெரிக்கா 50. முறையீடும் தள்ளுபடியாயிற்று. அமெரிக்கப் பிள்ளைகள் வெள்ளிப் பதக்கத்தை வாங்க மறுத்துவிட்டார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் வாங்கவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். ஆனாலும் அந்த மூன்று விநாடியை ஆயுள் முழுவதும் சுமந்துகொண்டு நடந்தார்களே!

இரண்டாவது கதை 1982 மார்ச் 29. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரம். கல்லூரிகளுக்கான சாம்பியன் பட்டத்தின் இறுதி ஆட்டம். பார்க்க வந்தவர்கள் 61,000-க்கும் மேல். முடியச் சில விநாடிகளே இருக்கும்போது, வட கரோலினாவின் முதல் வருஷ மாணவன் ஒருவன் பந்தைப் போட்டான். 63-க்கு 62. அந்த மாணவன் பெயர் மைக்கேல் ஜார்டன். எதிர் டீமான ஜார்ஜ்டவுனுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. பந்து ஃப்ரெட் பிரௌன் என்ற பையன் கையில். பக்கத்தில் நிற்பவன் தன் கூட்டாளி என்று நினைத்துப் பந்தைத் தள்ளினான். வாங்கிக்கொண்டவனோ எதிர் டீமின் ஜேம்ஸ் வொர்த்தி! ஆட்டம் போயிற்று.

"அப்புறம்?" என்றான் கொடிக்காரப் பையன்.

"ஜார்ஜ்டவுன் பயிற்சியாளர் ஜான் தாம்ப்ஸன் மலை மாதிரி மனிதர். நேரே போனார். அத்தனை ஜனங்களுக்கு முன்னால் அந்தப் பையனைக் கட்டி அணைத்துக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து, 1984-ல், அதே ஜார்ஜ்டவுன் சாம்பியன் ஆயிற்று. ஃப்ரெட் பிரௌனும் டீமில் இருந்தான். தாம்ப்ஸன் அவனை மறுபடியும் கட்டிக்கொண்டார்."

யாரும் பேசவில்லை. கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை மட்டும் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான். அவன் எல்லா ஆட்டத்துக்கும் ஸ்கோர் குறிக்கிறவனாம். விரலால் ஒவ்வொரு வரியாகக் கூட்டினான்.

"ஏலே, இன்னைக்கு நம்ம டீமுக்கு மொத்தம் 17 ஃப்ரீ த்ரோ. விழுந்தது 8. விழாதது 9. அதுல அவன் விட்டது ரெண்டு. மத்தவங்க விட்டது ஏழு."

மௌனம்.

"57-ல அவன் போட்டது மட்டும் 21."

கணக்கு என்றால் அதுவல்லவா கணக்கு! முதல் ஐந்து நிமிஷத்தில் தவறிய பந்துக்கும் ஒரு பாயிண்டுதான்; கடைசி விநாடியில் தவறியதற்கும் ஒரு பாயிண்டுதான். முன்னதை யாரும் படம் பிடிப்பதில்லை. பின்னதை ஏழு தடவை போட்டுப் பார்க்கிறோம். தோல்வி நாற்பது நிமிஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்ந்தது. பழியை மட்டும் ஒருவன் தலையில் மொத்தமாக இறக்கிவிட்டோம்.

பிள்ளைகளையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆடுகிறவனுக்குக் கையில் பந்தாவது இருக்கிறது. ரசிகனுக்கு என்ன இருக்கிறது? தொண்டைதான். வென்றாலும் தோற்றாலும் அவனால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. செய்ய ஒரு வேலையும் இல்லாத ஆசை இருக்கிறதே, அது தோற்றால் கோபமாகத்தான் மாறும்.

சற்று நேரம் கழித்து கொடிக்காரப் பையன் எழுந்தான். பஸ்ஸில், 'கையில குடுத்த வெற்றியைக் கீழ போட்டுட்டான்' என்று கத்தியது இவன்தான். "தாத்தா, ஒரு டீ, ரெண்டு வடை" என்றான். வாங்கிக்கொண்டு சாலையைத் தாண்டினான். நெட்டைப் பையன் தலை நிமிரவில்லை. இவன் டீயைப் பெஞ்சின்மேல் வைத்துவிட்டு பக்கத்தில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு இவன் குரல் இந்தப் பக்கம்வரை கேட்டது.

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு கிரவுண்டுக்கு வந்துருலே. நூறு ஃப்ரீ த்ரோ போடு. நான் கீழ நின்னு பந்து எடுத்துத் தாரேன்."

நெட்டைப் பையன் என்ன பதில் சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. மினி பஸ் வந்து மறைத்துவிட்டது. அது நகர்ந்தபோது ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். இரண்டாவது வடையைத் தின்றுகொண்டிருந்தான்.

"அங்கே என்ன விசேஷம்?" என்று ஆசிரியரைக் கேட்டேன் அல்லவா? திரும்பி வந்து சொன்னேன்: "ரசிகன் ஒருவனுக்கு ஒரு வேலை கிடைத்தது, ஸார்."