முடியின் போக்கில்

தில்லியில் சனவரி மாதக் காலை ஏழு மணிக்கு விடுதிக் குழாயில் வரும் நீரைக் கொண்டு முகம் மழிப்பது ஒரு தண்டனை. பொதுக் குளியலறையின் கீசர் பழுதுபட்டுக் கிடந்த ஒரு வாரத்தில்தான் அந்த ஆய்வாளருக்கு நேர்காணல் வாய்த்தது. உலோகவியலில் முனைவர் பட்ட ஆய்வு ஐந்தாம் ஆண்டில் இருந்தது. உதவித்தொகை முடிய நான்கு மாதங்கள் மீதமிருந்தன. தற்காலிக ஆசிரியர் பணி ஒன்றுக்கு அழைப்பு வந்திருந்தது. அந்த நாளுக்கென்றே ஐந்து அலகுகள் கொண்ட ரேசர் ஒன்றை வாங்கியிருந்தார். முதலில் மேலிருந்து கீழாக, பின்பு கீழிருந்து மேலாக, ஐயம் தீரக் குறுக்காகவும் ஒருமுறை மழித்தார். கன்னம் பளிங்குபோல் ஆயிற்று.

நேர்காணல் அறையில் அமர்ந்து பத்து நிமிடங்களுக்குள் சட்டையின் கழுத்துப்பட்டை ஈரமாவதை உணர்ந்தார். மழித்த காயங்களைப் பட்டை உரசி மீண்டும் திறந்துவிட்டிருந்தது. வெள்ளைத் துணியில் ஏழெட்டுச் செம்புள்ளிகள். குழுவிலிருந்த ஒருவர், கனிவாகத்தான், உடல்நலம் சரியில்லையா என்று கேட்டார். அதன்பின் கேட்கப்பட்ட கேள்விகளுக்குத் தாம் என்ன சொன்னார் என்பது ஆய்வாளருக்கு இன்றும் நினைவில்லை.

இத்துன்பம் புதியதன்று. பதினேழு வயதில் முதன்முதலாகக் கத்தி எடுத்த நாளிலிருந்து கழுத்தில் சிவந்த முனைகள் தோன்றுவதும், அவை பழுப்பதும், ஆறிய இடத்தில் கரும்புள்ளி நிற்பதும் வழக்கமாகியிருந்தன. நம் சமூகத்தில் மழித்தலை எவரும் எவருக்கும் முறையாகக் கற்பிப்பதில்லை. தந்தையின் ரேசரைத் திருட்டுத்தனமாக எடுத்துப் பார்ப்பதே பெரும்பாலோருக்குப் பாடம். மீதியைத் தொலைக்காட்சி விளம்பரம் சொல்லித் தருகிறது. விடுதி நண்பர்களின் அறிவுரைகளும் விளம்பரத்திலிருந்து வந்தவையே: இன்னும் கூர்மையான அலகு, இன்னும் அழுத்தமான இழுப்பு, இறுதியில் எரியும்படி ஏதேனும் ஒரு திரவம். கிருமித் தொற்று என்று எண்ணி இரண்டு ஆண்டுகள் ஏதேதோ களிம்புகளையும் பூசி வந்தார்.

நேர்காணலுக்கு மறுவாரம் அரசு மருத்துவமனை ஒன்றின் தோல்நோய்ப் பிரிவில் மூன்று மணிநேரம் காத்திருந்து, மூன்று நிமிடம் மருத்துவரைக் கண்டார். அந்த மூன்று நிமிடத்தில் பெயர் தெரிந்தது: சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே. பெயரின் முதற்பகுதியே அது போலி என்கிறது. அதாவது மயிர்க்காலின் தொற்றுபோல் தோன்றும், ஆனால் தொற்றன்று. தடித்த, சுருண்ட முடி உடையோருக்கு மயிர்க்காலே வளைந்திருக்கும். அம்முடியைச் சாய்வாக வெட்டினால் முனை ஈட்டிபோல் ஆகிறது. வளரும்போது அது வெளியே வந்து, வளைந்து, பக்கத்துத் தோலுக்குள் மீண்டும் நுழைகிறது. மற்றொரு வழியும் உண்டு. தோலை இழுத்துப் பிடித்து மிக ஆழமாக வெட்டினால், வெட்டுண்ட முனை தோலின் மட்டத்துக்குக் கீழே போய்விடும். பிறகு அது வெளியே வராமலே மயிர்க்காலின் சுவரைக் குத்திக்கொண்டு உள்ளேயே வளரும். இரண்டிலும் உடல் தன் முடியையே அயற்பொருளாகக் கருதி அதனோடு போரிடுகிறது. ஆப்பிரிக்க வழியினரிடம் இது மிகுதி. அமெரிக்கப் படைகளில் இதற்கென மழித்தல் விலக்கு வழங்கும் வழக்கமே இருந்துவந்திருக்கிறது. சுருள்முடி கொண்ட இந்தியருக்கும் இது வரும் என்பதை நம் குளியலறைக் கண்ணாடிகள் மட்டுமே அறியும்.

மருத்துவர் சொன்ன தீர்வு எளியது. நான்கு வாரம் மழிக்க வேண்டாம். இரவில் ஒரு ரெட்டினாய்டு களிம்பு. அதன்பின் மழிக்க நேர்ந்தால் ஒட்ட மழிக்க வேண்டாம். கடைசிச் சொல்லைத்தான் ஆய்வாளரால் ஏற்க முடியவில்லை. ஒட்ட மழிக்காத சவரம் எப்படிச் சவரமாகும்?

ஒட்ட மழிப்பது என்னும் ஆசைக்கும் ஒரு வரலாறு உண்டு. கிங் கேம்ப் ஜில்லெட்டின் பாதுகாப்பு ரேசருக்கு 1904இல் காப்புரிமை கிடைத்தது. அதன் பின் நீண்ட காலம் ஒரே அலகு தோலைத் தொடுவதே நவீனச் சவரமாக இருந்தது. 1971இல் இரண்டு அலகுகள் வந்தன, 1998இல் மூன்று, 2006இல் ஐந்து. பல அலகுகளின் கணக்கு இது: முதல் அலகு முடியைப் பற்றிச் சற்று வெளியே இழுக்கிறது, அது உள்வாங்குவதற்குள் அடுத்த அலகு வெட்டிவிடுகிறது, மிச்சம் தோலுக்குக் கீழே ஒளிந்துகொள்கிறது. நேர்முடி உடையவருக்கு இது மென்மை. சுருள்முடி உடையவருக்கு, மருத்துவர் விவரித்த இரண்டாம் வழியைத் திறக்கும் கருவி. ஆய்வாளர் விலை கொடுத்து வாங்கியது தம் நோயை நன்கு செய்துதரும் பொறியைத்தான்.

தம் துறையே இதைப் பற்றிப் பேசியிருக்கிறது என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. 2020 ஆகஸ்டில் 'சயன்ஸ்' இதழில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ரோஷியோலி, தாஹேரி மூசவி, டாசன் ஆகிய மூவரும் முடி எவ்வாறு எஃகைச் சிதைக்கிறது என்று ஒரு கட்டுரை வெளியிட்டனர். முடி, பிளேடின் எஃகைவிட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது. ஆயினும் பிளேடு மழுங்குகிறது. ஏன்? முனைவர் பட்ட மாணவராக இருந்த ரோஷியோலி தம் முகத்தையே மழித்து, ஒவ்வொரு முறைக்குப் பின்னும் அலகை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். விளிம்பு சீராகத் தேயவில்லை; இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில்லுகள் பெயர்ந்திருந்தன. முடி நிமிர்ந்து நிற்காமல் வளைந்து சாயும்போது, எஃகின் நுண்கட்டமைப்பில் மென்மையும் கடினமும் அருகருகே அமைந்த இடத்தில் சில்லு பெயர்கிறது. கட்டுரையை முன்னர் படித்தபோது ஆய்வாளர் எஃகின் பக்கமிருந்து மட்டுமே படித்திருந்தார். வளைந்து சாயும் முடி தம் கழுத்திலேயே இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை.

அதே நிறுவனத்தோடு தொடர்புடைய மற்றொரு கதை இந்தியரைப் பற்றியது. இந்தியச் சந்தைக்கென 2002இல் ஒரு ரேசரை உருவாக்கிய ஜில்லெட், அதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் இந்திய மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்தது. அனைவரும் புகழ்ந்தனர். இந்தியாவில் அது தோற்றது. அம்மாணவர்களின் அறையில் குழாய் நீர் ஓடிக்கொண்டிருந்தது. இங்கோ பல கோடிப் பேர் ஒரு குவளை நீரை வைத்துக்கொண்டு தரையில் அமர்ந்து மழிக்கிறார்கள். குவளை நீரில் அலசினால் இடுக்கில் சிக்கிய முடி வெளியேறவில்லை. பின்னர் நிறுவனத்தார் இங்கு வந்து வீடுவீடாக அமர்ந்து பார்த்து, 2010இல் பதினைந்து ரூபாய்க்கு ஒற்றை அலகு ரேசரைக் கொண்டுவந்தனர். களஆய்வு பற்றி வகுப்பெடுப்போர் இக்கதையை விரும்பிச் சொல்வார்கள். ஆய்வாளருக்கு அதில் உறைத்தது வேறொன்று: ஏழை நாட்டுக்கென மலிவாகச் செய்யப்பட்ட அந்த ஒற்றை அலகுதான் அவருடைய தோலுக்குப் பொருத்தமானது.

நான்கு வார விடுப்பை அவர் முழுமையாகக் கடைப்பிடித்தார். தாடி அரித்தது, ஆனால் உள்ளே சிக்கியிருந்த முடிகள் ஒவ்வொன்றாகத் தாமே வெளிவந்தன. அதன்பின் ஒரு குறிப்பேடு தொடங்கினார். நாள், நீரின் சூடு, நுரை, இழுப்புகளின் எண்ணிக்கை, கழுத்தில் புதிய முனைகளின் எண்ணிக்கை. ஒரு நேரத்தில் ஒரு காரணியை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது ஆய்வுக்கூட விதி. இரண்டு வாரக் குறிப்புகளைப் பார்த்தபோது ஓர் அடிப்படைப் பிழை புலப்பட்டது. இன்று தோன்றும் முனை இன்றைய சவரத்தின் விளைவன்று. வெட்டுண்ட முடி வளர்ந்து வளைந்து தோலைக் குத்த இரண்டு மூன்று நாள் பிடிக்கிறது. இத்தனை ஆண்டுகளும் அவர் திங்களன்று செய்த குற்றத்துக்கு வியாழனன்று பயன்படுத்திய சோப்பைத் தண்டித்து வந்திருக்கிறார். தம் ஆய்வேட்டில் இப்படியொரு காலத்தாழ்வைக் கவனிக்காமல் விட்டிருந்தால் நெறியாளர் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டார்.

குறிப்பேட்டின் வழி முதலில் தேறியது நீர். உலர்ந்த முடி விறைப்பானது. வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் நனைந்தால் கெரட்டின் நீரை உறிஞ்சி இளகுகிறது. வெட்டத் தேவைப்படும் விசை வெகுவாகக் குறைகிறது. ஆனால் விடுதிக்கு வருவது ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிந்த பால்போல் படிகின்றன, நுரை நிற்பதில்லை. எனவே குடிநீர் வடிகட்டியிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் நீர் பிடித்து, கெட்டிலில் சூடாக்கிப் பிரஷை நனைத்தார். நுரை முதன்முறையாகத் தயிர்போல் நின்றது. (விடுதி விதிப்படி அறையில் கெட்டில் வைத்திருப்பது குற்றம், கெட்டில் இல்லாத அறை எது என்பது காப்பாளருக்கும் தெரியாது.)

மீதியைக் கற்பித்தவர் வளாக வாயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கண்ணாடியை ஆணியில் மாட்டி, ஒரு மர நாற்காலியோடு தொழில் நடத்தும் பீகார் முதியவர். ரேசர் தீர்ந்துபோன ஒரு ஞாயிறன்றுதான் ஆய்வாளர் அங்கே போய் அமர்ந்தார். முதியவர் புது பிளேடைப் பிரித்துக் காட்டி, இரண்டாக ஒடித்து, பாதியை உஸ்தராவில் செருகினார். ஒருவருக்குப் பயன்பட்ட பிளேடு மற்றவருக்கு ஆகாது என்பதில் அவர் கண்டிப்பானவர். மஞ்சள்காமாலைக் கிருமி அவ்வழியே பரவும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நுரை பூசுவதற்கு முன் கட்டைவிரலால் கழுத்து முழுவதையும் மெல்லத் தடவிப் பார்த்தார். பார்வையற்றவர் எழுத்தைத் தடவுவதுபோல் இருந்தது அது. பின்பு மழித்தார்: வலப்பக்கம் மேலிருந்து கீழாக, தாடைக்குக் கீழே இடப்பக்கத்தில் கீழிருந்து மேலாக, குரல்வளைக்கு அருகே காதை நோக்கிக் குறுக்காக.

ஒரு சுற்று முடிந்ததும் ஆய்வாளர் வழக்கம்போல் "உல்டா" என்றார். வடநாட்டு நாவிதர்களிடம் எதிர்ப்போக்கில் இழுக்கும் இரண்டாம் சுற்றுக்கு அதுவே பெயர். முதியவர் கத்தியை மடக்கிவிட்டார். "பேட்டா, இந்தக் கழுத்துக்கு உல்டா கிடையாது" என்றார். காசு கூடத் தருவதாகச் சொல்லியும் இசையவில்லை. ஈரப் படிகாரக் கட்டியைத் தேய்த்து, துண்டை உதறினார். மூன்றாம் நாள் எண்ணியபோது புதிய முனைகள் இரண்டே இருந்தன.

அந்நாற்காலியில் கழுத்தை நிமிர்த்திக் கண்மூடிக் கிடப்பதன் சுகம் இந்நாட்டில் எல்லோருக்கும் கிடைத்ததன்று. சாத்தாராவில் நாவிதர்கள் இருந்தும், கொடுக்கக் காசு இருந்தும், தீண்டாமையின் பொருட்டு எவரும் தமக்கு முடி திருத்த முன்வராததையும், மூத்த சகோதரியே அதைச் செய்துவந்ததையும் அம்பேத்கர் எழுதியிருக்கிறார். பிறர் கழுத்தைத் தொட்டறிந்த ஞானம் தலைமுறைகளாக எந்தக் கைகளில் சேர்ந்தது, அக்கைகள் யாரைத் தொட மறுத்தன, அத்தொழிலைச் செய்தவர்களை மற்றவர்கள் எப்படி நடத்தினார்கள் என்பதையெல்லாம் சேர்த்தேதான் அந்த வேப்பமரத்தடி. தோல்நோய் நூல்கள் இன்று பரிந்துரைக்கும் முறையைக் கட்டைவிரலால் அறிந்திருந்த அம்முதியவருக்கு அவ்விடத்தில் ஒரு தகரக் கூரை போடக்கூட அனுமதி இல்லை.

அறைக்குத் திரும்பிய ஆய்வாளர் வெள்ளைத்தாளில் தம் கழுத்தை வரைந்தார். உலோகத் துண்டில் ஒவ்வொரு படிகமணியும் எத்திசை நோக்கி நிற்கிறது என்று வரைபடம் வரைவதே ஐந்தாண்டுகளாக அவர் தொழில். அதையே இப்போது கண்ணாடியின் முன் நின்று, விரலால் தடவித் தடவி, அம்புக்குறிகளால் செய்தார். இடப்பக்கத்தில் ஒரு சுழி இருந்தது. அதைக் கடந்த பத்தாண்டுகளாக நாள்தோறும் எதிர்த்து வந்திருக்கிறார்.

இப்போது அவருடைய முறை இவ்வளவே. குளித்து முடித்தபின், முகம் ஈரமாக இருக்கும்போது நுரை, இரண்டு நிமிடப் பொறுமை, ஒற்றை அலகு, வரைபடத்தின் அம்பு காட்டும் திசையில் ஒரே ஒரு சுற்று, தோலை இழுப்பதில்லை, அழுத்துவதில்லை, ஒருநாள் விட்டு ஒருநாள். விரலுக்குச் சொரசொரப்பும் கண்ணுக்கு ஒரு மெல்லிய நிழலும் எஞ்சும். அந்நிழலை விட்டுவைப்பதுதான் மிகக் கடினமான பகுதி. கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் கை தானாக மேல்நோக்கி எழும். அதைத் தடுக்கக் குறிப்பேட்டைக் குளியலறைக்கே கொண்டுபோனார். இருமுறை தோற்றார், இருமுறையும் மூன்றாம் நாள் கழுத்து பதில் சொல்லிற்று.

ஏப்ரலில் வாய்மொழித் தேர்வு வந்தது. முந்தைய இரவு சோதனை கடுமையாக இருந்தது. ஐந்து அலகு ரேசர் இன்னும் இழுப்பறையில்தான் கிடந்தது. காலையில் ஒரே சுற்றோடு நிறுத்திக்கொண்டு, அதே வெள்ளைச் சட்டையை அணிந்து போனார். வாயிலில் நின்ற நெறியாளர் முகத்தை உற்றுப் பார்த்து, இன்றைக்காவது மழித்திருக்கக் கூடாதா என்றார். மழித்தேன் ஐயா, என் முகத்துக்கு இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இரண்டு மணிநேரம் கேள்விகள் கேட்கப்பட்டன. விடைகள் அனைத்தும் அவருக்கு நினைவிருக்கின்றன.

இரவு சட்டையைக் கழற்றியதும் விளக்கடியில் கழுத்துப்பட்டையைத் திருப்பிப் பார்த்தார். தில்லியின் வழக்கமான தூசிக்கோடு மட்டும் இருந்தது.