வாட்ச் 86 மார்க் போட்டது, வீட்டம்மா ஃபெயில் போட்டார்

1/ நெய்வேலியில் சுரங்கமும் அனல் மின் நிலையமும் 24 மணி நேரமும் ஓடும். பாதி ஊர் தூங்கும்போது மீதி ஊர் டூட்டியில் இருக்கும். அதனால் இங்கே டாக்டராக இருந்தால் தூக்கம் பற்றிப் பேசாத நாளே கிடையாது. இப்போ புதுசா எல்லார் கையிலும் ஒரு ஸ்மார்ட் வாட்ச். ஒரே வாரத்தில் வந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்றேன்.

2/ முதல் ஆளுக்கு 34 வயசு. "சார், டீப் ஸ்லீப் 38 நிமிஷம்தான் காட்டுது. ஹார்ட் அட்டாக் வந்துடுமா?" பகலில் தூக்கம் வருதான்னு கேட்டேன், இல்லை. காலையில் ஃப்ரெஷ்ஷா இருக்கான்னு கேட்டேன், "வாட்ச் பார்க்கிற வரைக்கும் நல்லாத்தான் இருக்கேன்" என்றார். மார்க் ஏறணும்னு தினமும் அலர்ஜி மாத்திரை போட்டுத் தூங்கிட்டிருந்தார்! இந்தப் பதற்றத்துக்கு 2017-லேயே ஆராய்ச்சியாளர்கள் ஒரு பேர் வச்சுட்டாங்க: ஆர்த்தோசோம்னியா.

3/ இரண்டாவது ஆளுக்கு 48 வயசு. ஷிப்ட் வேலை. மூணு மாத்திரை போட்டும் பிரஷர் அடங்கலை. "தூக்கம் பிரச்சினையே இல்லை சார், ஸ்கோர் 86" என்று போனை நீட்டினார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி மெதுவாச் சொன்னார்: "குறட்டை விடுவார் சார். நடுவுல மூச்சே நின்னுடும். நான்தான் தட்டி எழுப்புவேன்."

4/ வாட்ச் ஏன் கோட்டை விட்டது? தூக்கத்தின் நிலைகளைச் சரியாகச் சொல்ல மூளையின் மின் அலை, கண் அசைவு, தாடைத் தசை எல்லாம் பதியணும். வாட்ச் பார்ப்பது கை அசைவையும், பச்சை லைட் வச்சு நாடித்துடிப்பையும். அதை வச்சு ஒரு கணக்குப் போடுது. எவ்வளவு நேரம் தூங்கினீங்க என்பதை ஓரளவு சொல்லும். டீப் ஸ்லீப் நிமிஷம் எல்லாம் யூகம்தான். விழித்தபடி அசையாமல் படுத்திருந்தாலும் தூக்கம்னு எழுதிக்கும்.

5/ அவரை ஸ்லீப் ஸ்டடிக்கு அனுப்பினேன். மணிக்கு சராசரியாக 41 முறை மூச்சு தடைபட்டது. 30-ஐத் தாண்டினாலே தீவிரம். ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் குறைந்து, மூளை ஒரு நொடி விழித்து, மறுபடி தூங்குது. அவருக்கே தெரியாது. அப்படித் தூங்கி எழுந்துதான் தினமும் பைக் ஓட்டிட்டு டூட்டிக்குப் போயிருக்கார். இப்போ சிபேப் மெஷின் போட்டுத் தூங்கறார். பிரஷரும் இறங்கிட்டு வருது.

6/ நைட் ஷிப்ட் பார்க்கிறவங்களுக்கு ஒண்ணு. சில வாட்ச்கள் பகல் தூக்கத்தைக் குட்டித் தூக்கம்னு ஒதுக்கிடும். மார்க் குறைஞ்சா பயப்படாதீங்க. 24 மணி நேரத்தில் மொத்தம் 7 மணி நேரம் சேருதான்னு பாருங்க. ஒரு ராத்திரியை விட்டுட்டு, இரண்டு வார சராசரியைப் பாருங்க.

7/ வாட்ச் என்ன சொன்னாலும் இந்த மூணு கேள்வி முக்கியம்:
👉 காலையில் எழும்போது களைப்பு தீர்ந்திருக்கா?
👉 பஸ்ஸில், மீட்டிங்கில், வண்டி ஓட்டும்போது கண் சொக்குதா?
👉 குறட்டை, மூச்சு நிக்குதுன்னு வீட்டில் சொல்றாங்களா?
கடைசி இரண்டில் ஒண்ணுக்கு "ஆமா" என்றாலும் டாக்டரைப் பாருங்க, ஸ்கோர் நூறே இருந்தாலும்.

8/ முதல் ஆளுக்கு நான் எழுதிக் கொடுத்த மருந்து: அலர்ஜி மாத்திரையை நிறுத்தணும், ஒரு மாசம் வாட்ச்சைக் கழற்றி வச்சுட்டுப் படுக்கணும். இப்போ நல்லாத் தூங்கறாராம். எவ்வளவு நேரம்னு கேட்டேன். "தெரியலை சார்" என்று சிரித்தார்.