கண்ணாடிக்கு உள்ளே ஒரு பங்குனி

பாளையங்கோட்டையில் பங்குனி பிறந்தால் வேம்பு பூத்துவிடும். மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து, உதிர்ந்த பூவை அள்ளிக் காயவைத்து, ரசத்துக்கென்று அம்மா டப்பாவில் அடைத்துவைப்பாள். இந்தப் பருவத்தைப் பற்றி எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான். வசந்தம் என்பது சினிமாப் பாட்டில் வருகிற சொல். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்தபோது வகுப்பே சிரித்தது. கத்திரி வெயில் அந்த இரண்டு மாதத்துக்குள்தானே வருகிறது!

அப்படிப்பட்ட நான் இப்போது மார்ச் மாதம் வந்தால் ஒரு வசந்தத்தை நினைத்து ஏங்குகிறேன் என்றால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. வெளிநாடு போனவன் ஊரை நினைத்து ஏங்குவான். அது உலக வழக்கம். நான் ஊருக்குத் திரும்பி வந்துவிட்டு, விட்டுவந்த ஒரு வாடகை வீட்டின் பால்கனிக்காக ஏங்குகிறேன். டொராண்டோவின் கிழக்குப் பக்கம் ஸ்கார்பரோவில், மூன்றாம் மாடியில், எட்டடி நீளம் நாலடி அகலம்.

2010-இல் போனேன். முதல் மூன்று வருடம் அந்தப் பால்கனியை நான் மதித்ததே இல்லை. பனிக்காலத்தில் தோசை மாவு வைக்க ஒரு இடம், அவ்வளவுதான். 2013 டிசம்பரில் ஊரையே உறையவைத்த பனிமழை ஒன்று பெய்தது. மரங்களெல்லாம் கண்ணாடி பூசியதுபோல் நின்று, பாரம் தாங்காமல் கிளை முறிந்து, மின்கம்பிகளை இழுத்துக்கொண்டு விழுந்தன. லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட் இல்லை. அந்தப் பனி போய்த் தொலையும் முன்பே, பிப்ரவரியில், எனக்கு வேலை போயிற்று.

நேர்முகத் தேர்வுக்கு ஒரு கறுப்பு பேன்ட் வாங்கினேன். கால் மூன்று அங்குலம் நீளம். எதிர்வீட்டுப் பெரியவர் தையல்காரர் என்று கேள்விப்பட்டிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். உடுப்புத் திருத்துகிற கடையொன்றில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வில் இருந்தார். கதவைத் தட்டி, "அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் குறைச்சுத் தர முடியுமா?" என்றேன்.

"அண்ணாச்சி எண்டா மளிகைக்கடைக்காரர் எல்லோ?" என்று சிரித்தார். "உள்ள வாரும். இந்த நாட்டில எல்லாற்ற காற்சட்டையும் நீளம்தான், தம்பி. அதாலதான் நான் பிழைச்சன்."

இரவில் மெஷின் ஓட்டினால் கீழ்வீட்டுக்காரர் கூரையைக் கம்பால் இடிப்பாராம். அதனால் கைத்தையல். ஒரு காலை அவர் மடித்துத் தைத்தார். ஊசி துணியில் ஒரே ஒரு இழையைத் தொட்டுவிட்டு வந்தது. வெளிப்பக்கம் தையல் போட்ட தடமே தெரியவில்லை. பிறகு பேன்ட்டை என் மடியில் போட்டார். "மற்றக் கால் நீர் தையும். வேலையில்லாமல்தானே இருக்கிறீர்?"

மறுநாள் நான் நேர்முகத் தேர்வுக்குப் போனது ஒரு கால் தையல்காரர் தைத்ததும், ஒரு கால் சுருங்கி நெளிந்ததுமான பேன்ட்டில். வேலை கிடைக்கவில்லை. பேன்ட் காரணம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அதன்பிறகு காலையில் பத்து மணிக்கெல்லாம் அவர் வீட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவேன். தெற்குப் பார்த்த ஜன்னல். வெளியே முழங்காலளவு பனி. கண்ணாடிக்கு உள்ளே நல்ல வெயில். நூலை முழத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது முதல் பாடம். "நீளமா எடுத்தா வேலை கெதியா முடியும் எண்டு நினைக்காதையும். சிக்கெடுக்கிறதிலயே பொழுது போயிடும்." நூலை மெழுகுவர்த்தியில் ஒரு இழுப்பு இழுத்துக்கொள்ள வேண்டும். தடித்த மடிப்பு வந்தால் ஊசியை நேராகத் தள்ளாமல் சரித்துவிட வேண்டும். விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டில் ஊசியைக் கையால் தொட அம்மா விடமாட்டாள் என்றேன். "எங்கட அம்மாவும்தான். ஆனா டிசம்பர் மாசம் நாலே முக்காலுக்கு இருட்டுற நாட்டில அந்தச் சட்டத்தைப் பாத்தா பட்டினிதான், தம்பி."

மார்ச் மாதத்தில் அங்கே பகல் நாளொன்றுக்கு மூன்று நிமிடம் வளரும். நம் ஊரில் வருடம் முழுக்கச் சேர்த்தே முக்கால் மணி, ஒரு மணி நேரம்தான் கூடிக் குறையும், யாருக்கும் தெரியாது. அங்கே டிசம்பரில் ஒன்பது மணி நேரமாக இருக்கும் பகல், ஜூனில் பதினைந்தரை மணி நேரமாகிவிடும். அண்ணாச்சி அதைக் கடிகாரத்தில் பார்ப்பதில்லை. விளக்குப் போடாமல் ஜன்னல் வெளிச்சத்திலேயே எத்தனை நூல் தைத்து முடித்தார் என்பதுதான் கணக்கு. சாயங்காலம் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சொல்வார்: "இண்டைக்கு ஒரு நூல் கூட ஓடியிருக்கு."

அந்த ஜன்னல் திண்டில்தான் நாற்றங்காலும் இருந்தது. ஒண்டாரியோவில் பால் பைகளில் வரும். நாலு லிட்டர் வாங்கினால் ஒரு பெரிய பைக்குள் மூன்று சின்னப் பைகள். காலிப் பைகளைக் கழுவி, அடியில் ஊசியால் துளை போட்டு, மண் நிரப்பி, மார்ச் நடுவில் தக்காளியும் மிளகாயும் ஊன்றினோம். தக்காளி ஒரு வாரத்தில் முளைத்தது. மிளகாய் மூன்று வாரம் பொறுமையைச் சோதித்தது. பை கண்ணாடிபோல் இருப்பதால் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். முதலில் ஒரு வெள்ளை வேர், நூலைவிட மெல்லியது, பையின் ஓரத்தைத் தொட்டு அப்படியே கீழே இறங்கும். பக்கத்தில் பக்கத்தில் இன்னும் நாலைந்து. ஓரிடத்தில் இரண்டு வேர் குறுக்கே போனதைக் காட்டி, "பாரும், உம்மட தையல் மாதிரியே கிடக்கு" என்றார்.

முதல் தடவை பாதி நாற்று என்னால் செத்தது. பாசம் மிகுந்து தினமும் தண்ணீர் ஊற்றினேன். தண்டின் அடிப்பாகம் சுருங்கி நூலாகி, ஒவ்வொன்றாகத் தலைசாய்ந்தது. தப்பியவை வெளிச்சத்தைத் தேடி ஜன்னல் பக்கமாகவே வளைந்தன. காலையில் பையைத் திருப்பி வைத்தால் சாயங்காலத்துக்குள் மறுபடி கண்ணாடியை நோக்கித் திரும்பியிருக்கும். அண்ணாச்சி போகிற வருகிறபோதெல்லாம் உள்ளங்கையால் அதன் தலையைத் தடவிவிடுவார். உள்ளேயே வளர்ந்தால் காற்றுப் படாது, தண்டு உரமேறாது. கையால் தடவினால் காற்றென்று நினைத்துக்கொள்ளும் என்பார்.

தொட்டி வாங்கக் காசு இல்லை. அதற்கும் ஊசிதான் வழி சொன்னது. கிழிந்த ஜீன்ஸ்கள் என்னிடம் ஐந்தும், அவர் மகனுடையவை நாலும். இரண்டு காலையும் வெட்டியெடுத்து, ஒவ்வொன்றின் அடியையும் வட்டத் துணி வைத்து மூடினால் மிளகாய்க்குப் பை. மீதியுள்ள இடுப்புப் பகுதியின் அடியைச் சேர்த்துத் தைத்தால் தக்காளிக்குப் பெரிய பை. ஊசியை ஒரு எட்டு முன்னே விட்டு, அரை எட்டுப் பின்னே வந்து, மறுபடி ஒரு எட்டு முன்னே. இந்தத் தையல் போட்டால்தான் ஈரமண்ணின் பாரம் தாங்கும். நாலு மடிப்புச் சேருகிற இடத்தில் ஊசி நகராது. குறடால் பிடித்து இழுக்க வேண்டும். மூன்று ஊசியை முறித்தேன். விரல்நுனிகள் காய்த்துப்போயின. பின்பாக்கெட்டைப் பிரித்துவிடலாமா என்று கேட்டேன். "விடும், அதுக்குள்ள புதினா வைக்கலாம்" என்றார். வைத்தோம்.

ஏப்ரல் கடைசியில் ஹை பார்க்கில் செர்ரி பூக்கப்போகிறது என்று எல்லோரும் பேசத் தொடங்குவார்கள். அந்த வருடம் பனி லேசில் விடவில்லை, பூவும் தாமதம். அண்ணாச்சியை அழைத்தால் அசையமாட்டார். "சனம் பூப் பாக்கப் போகுதோ, சனத்தைப் பாக்கப் போகுதோ?" அந்த மரங்கள் 1959-இல் டோக்கியோ மக்கள் கொடுத்தவை என்றும், போர்க்காலத்தில் வீடுவாசல் இழந்து பிடுங்கி எறியப்பட்ட ஜப்பானியக் கனடியர்கள் பலரை டொராண்டோ ஏற்றுக்கொண்டதற்கு நன்றியாக வந்தவை என்றும் எங்கோ படித்ததைச் சொன்னேன். ஊசியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். "அப்ப அது இடம்பெயர்ந்த சனத்தின்ர மரம்" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே பஸ் ஏறத் தயாராக வந்து நின்றார்.

1995 அக்டோபர் 30-ஆம் தேதி இரவு, போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனமெல்லாம் ஒரே சாலையில் கிளம்பிய அந்த மழையில், அவரும் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர். தையல் மெஷினைத் தூக்க முடியாமல் கிணற்றடியில் சாக்கு மூடி வைத்துவிட்டு, கத்தரிக்கோலையும் ஊசிப்பெட்டியையும் இடுப்பில் செருகிக்கொண்டு வந்ததாக ஒரே ஒரு தடவை சொன்னார். அவரோடு உட்கார்ந்திருந்தபோது, ஊரை நினைத்து வருத்தமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. எனக்குத் திரும்பிப் போக டிக்கெட் மட்டும்தான் தேவைப்பட்டது.

மே மாதம் வந்தால் செடிகளைப் பழக்க வேண்டும். முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில். அடுத்த நாள் இரண்டு. மெல்ல மெல்ல வெயிலும் காற்றும். ஒரு வாரம், பத்து நாள், காலையில் தூக்கி வெளியே வை, சாயங்காலம் தூக்கி உள்ளே வை. அவசரப்பட்டு முதல் நாளே வெயிலில் வைத்தால் இலை வெளுத்து, தாள்போல் ஆகிவிடும். நிரந்தரமாக வெளியே விடுவது விக்டோரியா தினம் கழிந்தபிறகுதான். மே 25-க்கு முந்தைய திங்கட்கிழமை. அதற்கு முன் எந்த இரவும் உறைபனி விழலாம் என்பது அந்த ஊர்க்காரர்களின் கணக்கு. 2014-இல் அது 19-ஆம் தேதி. திருநெல்வேலியில் கத்திரி வெயில் உச்சத்தில் இருந்த அதே நாளில், நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒன்பது ஜீன்ஸில் மண் நிரப்பினேன். கீழே தெருவில் லைலாக் அரும்பு கட்டியிருந்தது. இடுப்புப் பைகளைச் சுவரோரம் வரிசையாக நிறுத்தியபோது, ஒன்பது பேர் மண்டியிட்டு இருப்பதுபோலத் தெரிந்தது. அண்ணாச்சி சிரித்துச் சிரித்து இருமிவிட்டார்.

மூன்றாம் நாளே அணில் வந்தது. நம் ஊர் அணில் மாதிரி முதுகில் கோடு கிடையாது. கறுப்பாக, பூனைக்குட்டி அளவுக்கு. "இது ராமருக்கு உதவாத சாதி" என்றேன். வெண்டை விதை அத்தனையும் தோண்டிவிட்டது. பழைய திரைச்சீலை வலையை வெட்டி, ஓட்டுத்தையல் போட்டு, நாடா கோத்து, ஒவ்வொரு பைக்கும் ஒரு மூடி தைத்தோம். அதுதான் நான் தனியாகத் தைத்து, அவர் பிரிக்காமல் விட்ட முதல் வேலை.

ஆகஸ்டில் தக்காளி காய்த்தது. நிறைய என்று சொல்ல மாட்டேன். அதற்குள் எனக்கு வேறு வேலையும் கிடைத்திருந்தது. அக்டோபரில் பைகளைத் தூக்கியபோது துணி உளுத்து அடி கழன்று, மண் முழுக்கப் பால்கனியில் கொட்டியது. என் தையல் மட்டும் அப்படியே நின்றது, சுற்றியிருந்த துணி இல்லாமல். பாலியெஸ்டர் நூல் அல்லவா! அடுத்த மார்ச்சில் மறுபடி கிழிந்த ஜீன்ஸ் தேடினோம். இப்படி நாலு வசந்தம்.

2018-இல் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய்த் திரும்பினேன். சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். கறிவேப்பிலைத் தொட்டியை மட்டும் அண்ணாச்சி கேட்காமலே எடுத்துக்கொண்டார். அது தமிழ்க்கடையில் சாண் உயரக் கன்றாக வாங்கியது. நான் போகும்போது இடுப்பளவு. குளிர்காலத்தில் ஹீட்டர் சூட்டில் இலையெல்லாம் உதிர்த்துக் குச்சியாக நிற்கும். வெளியே வைத்த பத்தாம் நாள் துளிர்க்கும்.

இப்போது மாடியில் எனக்கும் முப்பது குரோ பேக் இருக்கிறது. கடையில் வாங்கியவை, அளவெடுத்து அடித்தவை. எதைப் போட்டாலும் எப்போது போட்டாலும் முளைக்கிறது. சித்திரையில் பச்சை வலை கட்டினால் போதும். செடிகள் நன்றாகவே வளர்கின்றன. குறை ஒன்றும் இல்லை. ஆனால் எதையும் பத்து நாள் தூக்கி வைத்து, தூக்கி வைத்துப் பழக்க வேண்டியதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வெளிச்சத்தை நூலால் அளக்க வேண்டியதில்லை. சட்டையில் பட்டன் விழுந்தால் தெருமுனையில் பத்து ரூபாய்க்குத் தைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். நானும் கொடுத்துவிடுகிறேன்.

போன மே மாதம் அண்ணாச்சி வீடியோவில் வந்தார். கண் புரை. ஊசியில் நூல் கோக்க முடிவதில்லை. பேத்தி தினமும் பத்து ஊசியில் நூல் கோத்து, திண்டுமெத்தையில் குத்தி வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போகிறாளாம். "பத்தும் முடிஞ்சா அண்டைக்கு வேலை முடிஞ்சுது" என்றார். பின்னால் கறிவேப்பிலை கூரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"இன்னும் வெளிய வைக்கலையா அண்ணாச்சி?"

"ஒரு கிழமை பொறுக்க வேணும், தம்பி. இரவில மூண்டு பாகை எண்டு சொல்லுறாங்கள்." பிறகு கேட்டார்: "அங்க உமக்குக் கறிவேப்பிலை மரமே நிக்கும், என்ன? எவ்வளவு உயரம்?"

மொட்டைமாடி உயரம் இருந்தது. கரண்ட் கம்பியில் உரசுகிறது என்று அதற்கு முந்தைய வாரம்தான் ஆள் வைத்துப் பாதிக்கு மேல் வெட்டியிருந்தோம். வெட்டிய கிளையெல்லாம் இலையோடு தெருவோரம் கிடந்தது; போகிறவர்கள் ஆளுக்கொரு கொத்து ஒடித்துக்கொண்டு போனார்கள். மீதியை மாடு தின்றது.

"நல்ல உயரம் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன்.