இடக்கைத் தம்பிக்கு ஒரு துவக்கு

  

துவக்கு என்றதும் எங்கள் கரையோர ஊர்களில் யாருக்கும் வேட்டை நினைவுக்கு வருவதில்லை. சோதனைச் சாவடியும் சுற்றிவளைப்பும்தான் வரும். அதனால், அவுஸ்திரேலியாவில் இருக்கும் எங்கள் சாச்சாவின் மகன், "காக்கா, வேட்டைத் துவக்கொண்டு வாங்கப் போறன். நீங்களும் ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க" என்று வட்ஸ்அப்பில் கேட்டபோது வீட்டில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சாச்சிக்குக் கோபமே வந்துவிட்டது. "துவக்கு வாங்கவா இவன் கடல் தாண்டிப் போன?" என்று கேட்டார்.

தம்பி விக்டோரியா மாநிலத்தின் கிழக்கே, கிப்ஸ்லாண்ட் பகுதியில் ஒரு பாற்பண்ணையில் வேலை செய்கிறான். அங்குள்ள காடுகளில் மரைகள் பெருகிக் கிடக்கின்றன. நம் லகுகல காட்டில் நிற்கிற அதே மரைதான். 1860களில் நமது நாட்டுப் பக்கமிருந்தும் இந்தியப் பக்கமிருந்தும் வெள்ளைக்காரர் கொண்டுபோய் விட்ட கூட்டத்தின் வாரிசுகள். இங்கே மரையைச் சுடுவது சட்டப்படி குற்றம். அங்கே அது அனுமதிப்பத்திரம் எடுத்து வேட்டையாடக்கூடிய விலங்கு. பண்ணைகளுக்குத் தொல்லையும் கூட. ஒரு பெரிய கிடாய் 200 கிலோவைத் தாண்டும். பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டு, உயிரோடு கிடைத்தால் அறுத்து, நாலைந்து குடும்பங்கள் பங்குபோட்டால் பல மாதத்துக்கு இறைச்சி. இதுதான் அவனுடைய கணக்கு.

அங்கே சட்டம் இறுக்கமானது. 1996இல் போர்ட் ஆர்தரில் ஒரே ஆள் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, தானாக இயங்கும் துவக்குகளைச் சாதாரண மக்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள். வேட்டைக்காரருக்கு மிஞ்சியது போல்ட் துவக்கு போன்ற, கையால் இயக்கும் துவக்குத்தான். அதற்கும் பாதுகாப்பு வகுப்பு, பொலிஸ் அனுமதிப்பத்திரம், முதல் துவக்குக்கு 28 நாள் காத்திருப்பு, பூட்டுள்ள இரும்புப் பெட்டி, மானுக்கென்று தனி வேட்டை அனுமதி எல்லாம் வேண்டும். 'என்னைப் பாதுகாக்க' என்று காரணம் சொன்னால் கிடைக்கவே கிடைக்காது. இதையெல்லாம் விளக்கிய பிறகுதான் சாச்சியின் கோபம் ஆறியது. அடுத்த கேள்வி காசு.

பண்ணையில் ஒருவர் தன்னுடைய பழைய துவக்கை ஸ்கோப்போடு 400 டொலருக்குத் தருவதாகச் சொன்னாராம். நல்ல விலை. ஒரே ஒரு சிக்கல், அது வலக்கைத் துவக்கு. தம்பி பிறவி இடக்கைக்காரன். "பழகினாச் சரி காக்கா, நான் பழகாததா?" என்றான். அந்த ஒரு வார்த்தைதான் எங்களை இந்த விடயத்துக்குள் இழுத்துப் போட்டது. துவக்கைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் 'பழகினால் சரி' என்று சொல்லி வளர்க்கப்பட்ட இடக்கைப் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அதனால் அவனோடு சேர்ந்து நாங்களும் கையேடுகளையும் வீடியோக்களையும் பார்த்தோம்.

போல்ட் என்பது கதவுத் தாழ்ப்பாள் மாதிரி ஓர் இரும்புத் தண்டு. கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் வெடித்த தோட்டாவின் வெற்றுக்கோது வெளியே விழும். முன்னால் தள்ளிக் கீழே மடித்தால் அடுத்த தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். சாதாரணத் துவக்கில் இந்தக் கைப்பிடி வலப்பக்கம் இருக்கும். வலக்கைக்காரன் இடக்கையால் துவக்கைத் தாங்கியபடி, விசை இழுத்த அதே வலக்கையால் போல்ட்டை இயக்குவான். துவக்கு தோளை விட்டு நகராது.

இடக்கைக்காரனுக்கு நிலைமை வேறு. அவன் இடது தோளில் வைத்து இடக்கையால் விசை இழுக்கிறான். போல்ட் மறுபக்கம் இருக்கிறது. ஒன்றில் தாங்கிப் பிடித்திருக்கும் வலக்கையை விட வேண்டும், அல்லது இடக்கையைத் துவக்குக்கு மேலால் சுற்றிக் கொண்டுபோக வேண்டும். எப்படிச் செய்தாலும் துவக்கு ஆடும், கண் இலக்கை விட்டு விலகும். காயப்பட்ட மிருகத்துக்கு உடனே இரண்டாவது வெடி வைக்க வேண்டிய நேரத்தில்தான் இந்தத் தடுமாற்றம் வரும்.

இன்னொன்றும் உண்டு. வெற்றுக்கோது வெளியேறும் வாயும் வலப்பக்கம்தான். இடது தோளில் வைப்பவனின் முகம் சரியாக அந்தப் பக்கம் இருக்கும். எப்போதாவது ஒரு கோது கிழிந்து வெடித்தால் சூடான வாயுவும் துகளும் அந்தப் பக்கமாகவே சீறும். அடிக்கடி நடப்பதில்லை என்பது உண்மை. ஆனாலும் ஒரு கண்ணின் விலை எத்தனை டொலர்?

அதற்காக, 'இடக்கைக்காரன் என்றால் இடக்கைத் துவக்கு' என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கவும் முடியாது. கிரிக்கெட்டைப் பாருங்கள். சனத் ஜயசூரிய துடுப்பெடுத்தாடியதும் இடக்கை, பந்து வீசியதும் இடக்கை. அர்ஜுன ரணதுங்க ஆடியது இடக்கை, வீசியது வலக்கை. துவக்கில் கையை விடக் கண் முக்கியம். நம் இரண்டு கண்களில் ஒன்று தலைமைக் கண். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, விரல்களுக்கிடையில் சின்ன இடைவெளி விட்டு, அதற்குள்ளால் தூரத்தில் ஒரு கம்பத்தைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணுக்குக் கம்பம் நகராமல் தெரிகிறதோ அதுதான் தலைமைக் கண். இடக்கைக்காரர் எல்லாருக்கும் இடக்கண் தலைமையாக இருப்பதில்லை. அப்படிப்பட்ட சிலருக்கு வலது தோளில் வைத்துப் பழகுவதே நல்லதாகவும் இருக்கலாம். வீடியோ அழைப்பில் தம்பியை மூன்று முறை செய்யச் சொன்னோம். மூன்று முறையும் இடக்கண். முடிவு தெளிவாகிவிட்டது.

ஸ்கோப்போடு சேர்த்து 1,500 டொலர் என்பது அவன் போட்ட எல்லை. பத்துப் பேரில் ஒருவர்தான் இடக்கை என்பதால் கம்பனிகள் மலிவு வரிசையில் இடக்கை மாதிரிகளைக் குறைவாகவே செய்கின்றன. பழையதும் இலேசில் கிடைக்காது. கடைசியில் மூன்று பெயர்கள் மிஞ்சின.

பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ். மூன்றிலும் மிக வழுவழுப்பான போல்ட் இதனுடையதுதான். ஆனால் ஸ்கோப் இல்லாமலே எல்லையைத் தாண்டிவிட்டது.

அமெரிக்காவின் ருகர் அமெரிக்கன். போல்ட் கைப்பிடியை 70 பாகை தூக்கினால் போதும், கை ஸ்கோப்பில் முட்டாது. பாதுகாப்புப் பூட்டு பின்பக்கம் நடுவில் இருப்பதால் எந்தக் கைப் பெருவிரலுக்கும் எட்டும். அவன் போன கடையில் இதன் இடக்கை மாதிரி ஸ்கோப் இல்லாமல்தான் இருந்தது.

சாவேஜ் அக்சிஸ் 2 எக்ஸ்பி. இதுவும் அமெரிக்கா. பாதுகாப்புப் பூட்டு இதிலும் நடுவில்தான். விசையின் இறுக்கத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம். ஸ்கோப் பொருத்தியபடியே வருகிறது. குறையும் உண்டு. பிளாஸ்டிக் தண்டு கொஞ்சம் வளையும், போல்ட் ஆரம்பத்தில் கரகரப்பாக ஓடும்.

தோட்டா அளவிலும் யோசிக்க வேண்டியிருந்தது. விக்டோரியாவில் மரைக்கு 270 அளவுக்குக் குறைந்த துவக்கு பாவிக்கக் கூடாது. குண்டு 130 கிரெய்னுக்குக் குறையக் கூடாது. சின்ன ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்க வேண்டும், இடக்கை மாதிரியிலும் அந்த அளவு இருக்க வேண்டும். இரண்டையும் பார்த்தபோது 308 சரியாக வந்தது.

ஸ்கோப்பில் 3-9x40 என்று எழுதியிருக்கும். 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மில்லிமீற்றர் அகலம் என்று அர்த்தம். ஸ்கோப்பில் இடக்கை வலக்கை வித்தியாசம் பெரிதாக இல்லை. ஆனால் அங்கே மான் வேட்டைக்குச் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னிருந்து மறைந்து அரை மணி வரை அனுமதி உண்டு. அந்த மங்கல் நேரத்தில் 9இல் வைத்தால் படம் இருண்டுவிடும்; 3இலோ 4இலோ வைக்க வேண்டும். நெருக்கமான காட்டிலும் அதுதான் வசதி. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையில் சுமார் 9 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும். கிட்டவாக வைத்தால் துவக்கு பின்னால் உதைக்கும்போது புருவம் கிழியும்.

அவன் வாங்கியது சாவேஜின் இடக்கை மாதிரி. மிச்சக் காசில் இரும்புப் பெட்டி, காதுக் கவசம், கண்ணாடி, பயிற்சிக்குத் தோட்டா. "கடையிலயே ஸ்கோப் பூட்டித்தானே தாறாங்க, பிறகென்ன பயிற்சி?" என்று சாச்சா கேட்டார். பூட்டியிருப்பது வேறு, குறி பொருந்தியிருப்பது வேறு. முதலில் 25 மீற்றரில் மட்டையில் சுட்டு, பிறகு 100 மீற்றரில் மூன்று மூன்று வெடியாகப் பார்க்க வேண்டும். ஸ்கோப்பின் திருகு ஒரு கிளிக் நகர்ந்தால் 100 மீற்றரில் குண்டு ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் நகரும். 7 சென்ரிமீற்றர் கீழே போனால் 10 கிளிக் மேலே. எங்கள் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளே போடும் கணக்கு.

அறுக்கும் கத்தியைத் தீட்டி வை, மிருகத்தை வதைக்காதே என்பது நம் மார்க்கம் சொல்லித் தந்த ஒழுங்கு. வேட்டைக்கும் அந்த ஒழுங்கு பொருந்தும் என்றே எங்களுக்குப் படுகிறது. கைக்கு ஒவ்வாத துவக்கால் மரையின் வயிற்றில் சுட்டு, அது இரவெல்லாம் காட்டில் கிடந்து துடிப்பதற்கு, 'விலை மலிவாக இருந்தது' என்பது பதிலாகாது. தம்பி இரண்டு முறை காட்டுக்குப் போய் இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறான். மரை தெரிந்ததாம். தெளிவான வெடி கிடைக்கவில்லையாம், சுடவில்லை. அதைக் கேட்டபோது எங்களுக்குச் சந்தோசம்.

இதை எங்கள் ஊரவருக்கு எழுத ஒரு காரணம் இருக்கிறது. இங்கே யாரும் துவக்கு வாங்கப் போவதில்லை. ஆனால் நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் மூன்று நாலு பேர் இடக்கைக்காரர். தம்பியின் கையில் அடித்து வலக்கையால் எழுத வைத்தார்கள். இன்றும் அவன் கையெழுத்து அவனுக்கே விளங்காது. வலக்கையால் சாப்பிடப் பழக்குவது சுன்னா. அதை அன்பாகப் பழக்குவோம். எழுதும் கை வேறு விடயம். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் படிப்பித்த விரிவுரையாளர் ஒருவர் இதை வற்புறுத்திச் சொல்வார்.

இடக்கைப் பிள்ளை தமிழ் எழுதும்போது கை மையின் மேலால் போகும். கொப்பியைக் கொஞ்சம் சரித்து வைக்கச் சொல்லுங்கள். குர்ஆன் மதரசாவில் அதே பிள்ளை அரபு எழுதும்போது பாருங்கள், வலமிருந்து இடமாகப் போவதால் கை மையில் படாது. சாதாரணக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்தால் அலகுகள் விலகும், வெட்டும் கோடும் மறையும். அது பிள்ளையின் மந்தம் இல்லை. இடக்கைக் கத்தரிக்கோல் என்று ஒன்று இருக்கிறது. இந்தத் தவணை எங்கள் வகுப்புக்கு மூன்று வாங்கி வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் இடக்கைப் பிள்ளை இருந்தால் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வாங்கில் இடது ஓரத்தில் இருத்தினாலே போதும், பக்கத்துப் பிள்ளையின் கையோடு முட்டாமல் நிம்மதியாக எழுதும்.