பார்க்காத மலை

காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷ் ஆல்ப்ஸ் மலைக்குப் போனதே இல்லை. ஆனாலும் 1824-25இல் அவர் வரைந்த 'வாட்ஸ்மன்' போலத் தனித்து நிற்கும் ஆல்ப்ஸ் சிகரத்தை வேறு ஓவியத்தில் நான் கண்டதில்லை. பெர்லினில் இருக்கும் மூலத்தை நானும் பார்த்ததில்லை, அச்சுப் பிரதிதான். பார்க்காதவர் வரைந்ததைப் பார்க்காதவன் பேசுகிறேன்.

சிகரம் கடன் வாங்கியது. 1822இல் இறந்துபோன அவருடைய மாணவர் ஆகஸ்ட் ஹைன்ரிஷ் தீட்டியிருந்த நீர்வண்ணப் படத்திலிருந்து எடுத்துக்கொண்டது. முன்னால் நிற்கும் பாறைக் கூட்டம் மட்டும் சொந்தம். வெகு வடக்கே, ஹார்ட்ஸ் மலையில், 1811இல் அவரே நேரில் பார்த்து வரைந்துவைத்தது.

படத்தில் மனிதர் இல்லை, வீடு இல்லை, பாதை இல்லை. லுட்விக் ரிக்டர் என்ற இளைஞரும் 1824இல் இதே மலையை, போய்ப் பார்த்துவிட்டு, வரைந்தார். அதில் ஓர் அருவி நம்மை நோக்கி இறங்கி வருகிறது. கண் அதைப் பற்றிக்கொண்டு மேலே ஏறிவிடும். ஃப்ரீட்ரிஷிடம் அப்படி ஏற வழியில்லை. பழுப்பும் பச்சையுமாகப் பாறைகள், சரிவுகள். அப்புறம் சட்டென்று வெண்மை. நடுவில் எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளக்க முடிவதில்லை. அந்த அளக்க முடியாமைதான் படத்தின் மனநிலை. துக்கத்தைத் தனியாக ஒரு வண்ணமாக எடுத்து அவர் மேலே பூசவில்லை.

நம்மிடையே கவிதை பற்றிய பேச்சு அடிக்கடி 'அனுபவ உண்மை'யில் வந்து நின்றுவிடுகிறது. பட்டதைத்தான் எழுதியிருக்கிறாரா என்று கேட்கிறோம், இல்லையென்றால் தள்ளிவிடுகிறோம். இந்தக் கேள்விக்கு ரிக்டர் தேறுவார், ஃப்ரீட்ரிஷ் தேற மாட்டார். அதற்காக அமைப்பு மட்டுமே போதும் என்கிற எதிர்க்கட்சியிலும் எனக்கு இடமில்லை. முன்னிருக்கும் பாறை பார்த்துப் பார்த்து வரைந்தது. அதை நம்புவதால்தான் பின்னாலிருக்கும் வெண்மையையும் நம்புகிறோம். எட்டாததை யாரிடமிருந்தும் வாங்கிக்கொள்ளலாம்; காலடியில் கிடப்பதை அப்படி வாங்க முடியாது.

நம் கவிதைகளில் பலவும் மரணம், வெறுமை, பிரபஞ்சம் என்று சிகரங்களிலேயே தொடங்குகின்றன. முன்னால் ஒரு கல்லைக் காணோம்.